லாக் சமன்பாட்டைத் தீர்ப்பது எப்படி: வரிசை மாறாமல், விடை தொலையாமல்

மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டு வராந்தாவில் சனிக்கிழமை காலை லெசொன் நடக்கும். டியூஷனுக்கு இங்கே அதுதான் பெயர். எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட், ஓ-லெவல்), எச்.எஸ்.சி. (ஹையர் ஸ்கூல் சர்டிஃபிகேட், ஏ-லெவல்) என்ற கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் எழுதும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். பள்ளியில் கணக்கு ஆங்கிலத்தில், விளையாட்டும் சண்டையும் கிரியோலில், என் வராந்தாவில் முடிந்தவரை தமிழில். லாக் (லாகரிதம், அதாவது மடக்கை) சமன்பாடு ஆரம்பித்தால் எல்லார் நோட்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் கணக்கு கவிழும். இயற்கணிதம் வராததால் அல்ல. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னாலும், பின்னால் செய்ய வேண்டியதை முன்னாலும் செய்வதால்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. தெரியாத எண்ணை இங்கே ய என்று எழுதுகிறேன். உங்கள் நோட்டில் வழக்கம்போல எக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். லாக்₂ என்றால் அடிமானம், அதாவது அடுக்குக்கு உயர்த்தப்படும் எண், 2. அடிமானம் எழுதாவிட்டால் 10. 2^ய என்றால் 2-இன் அடுக்கு ய. அடிஷனல் மேத்ஸ் (கூடுதல் கணிதம் என்ற தனிப் பாடம்) தாளில் 10 அடிமான லாக்கை எல்ஜி என்று அச்சிட்டிருப்பார்கள். அது புது மிருகம் இல்லை, அதே லாக்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, லாக்கை அடுக்காக மாற்றிச் சொல்லத் தெரிய வேண்டும். லாக்₂ 8 = 3 என்பதும் 2³ = 8 என்பதும் ஒரே செய்தி. "2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 8 வரும்?" என்பது கேள்வி, 3 என்பது பதில். லாக்கின் மதிப்பு எப்போதுமே ஒரு அடுக்கு. இது வாயில் சரளமாக வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். நான் ஒரு வாரம் இதை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பேன்: லாக்₃ 81? லாக்₅ 1? லாக்₂ ¼? மூன்றாவதில் பாதிப் பேர் திணறுவார்கள். விடை −2. லாக்கின் மதிப்பு குறை எண்ணாக இருக்கலாம் என்பது அங்கேதான் மனதில் பதியும்.

இரண்டாவது, மூன்று விதிகள். அடிமானம் ஒன்றாக இருக்கும்போது:

லாக் ம + லாக் ன = லாக்(ம × ன)
லாக் ம − லாக் ன = லாக்(ம ÷ ன)
க × லாக் ம = லாக்(ம^க)

இந்த மூன்றையும்விட முக்கியம், இவற்றில் எது இல்லை என்பது. லாக்(ம + ன) என்பதைப் பிரிக்க விதியே கிடையாது. சந்தேகம் வந்தால் எண் போட்டுப் பாருங்கள்: லாக் 10 + லாக் 10 = 2. ஆனால் லாக்(10 + 10) = லாக் 20 = 1.301. முடிந்தது விவகாரம்.

மூன்றாவது, இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தத் தெரிய வேண்டும். பாதி லாக் கணக்குகள் கடைசியில் இருபடியில்தான் போய் நிற்கும்.

2. முதல் வரி: உள்ளே இருப்பது பூஜ்யத்தைவிடப் பெரியது

கணக்கைத் தொடும் முன்பே இதை எழுதுங்கள். லாக்கின் உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் பூஜ்யமோ குறை எண்ணோ வராது. அதனால் அவற்றுக்கு லாக் கிடையாது. பாடப்புத்தகம் இதை மதிப்பகம் என்று சொல்லும். நான் "வாசல்படி" என்பேன். தாண்டாமல் உள்ளே போக முடியாது.

லாக்₂(ய − 1) + லாக்₂(ய + 5) = 4

இதற்கு முதல் வரி: ய − 1 > 0, ய + 5 > 0. அதாவது ய > 1, ய > −5. இரண்டும் சேர்ந்து நடக்க ய > 1. இதை எழுதி ஒரு கட்டம் போட்டு வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இதை ஏன் கடைசியில் எழுதக்கூடாது? எழுதலாம். ஆனால் கடைசியில் யாரும் எழுதுவதில்லை. நான் பார்த்ததே இல்லை. விடை வந்த சந்தோஷத்தில் பேனாவை மூடி, "கொரெக்?" (சரியா?) என்று கேட்டுவிட்டு, தால் பூரி வண்டியைப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். இன்னொன்று, விதிகளைப் போட்டுச் சமன்பாடு உருமாறிய பிறகு பழைய லாக்குகள் கண்ணில் இருக்காது. எதெது உள்ளே இருந்தது என்று தேட வேண்டியிருக்கும்.

3. தனியாக நிற்கும் எண்களுக்கு ஒரு இடம் பாருங்கள்

லாக்குக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பெருக்கெண்ணை முதலில் அடுக்காக உள்ளே ஏற்றுங்கள். 2 லாக் ய என்றால் லாக் ய². முன்னால் 2 நிற்கும்போது கூட்டல் விதியைப் போட முடியாது, அதனால்தான் இது முந்துகிறது. 2 லாக் ய + லாக் 3 என்பதை 2 லாக் 3ய என்று எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சரியானது லாக் 3ய².

லாக் இல்லாமல் தனியாக நிற்கும் எண்தான் பெரிய வம்பு. போன வருடம் ஒரு பெண், எல்லாக் கணக்கையும் முதலில் முடிக்கும் கெட்டிக்காரி, இந்தக் கணக்கை என் முன்னால் வைத்தாள்:

லாக்(ய + 3) = 1 + லாக் ய

சிவப்புப் பேனாவால் இரண்டு லாக்கையும் அடித்திருந்தாள். கீழே ய + 3 = 1 + ய. அதற்குக் கீழே 3 = 1. அதற்குக் கீழே, பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், "விடை இல்லை. கணக்கு தப்பு, மிஸ்."

கணக்கு தப்பில்லை. அந்த 1 ஒரு லாக்கின் மதிப்பு. மற்ற இரண்டும் லாக்கின் உள்ளே இருப்பவை. ஒரு பக்கம் லாக்கை எடுத்துவிட்டு 1-ஐ மட்டும் அப்படியே விட்டால், அது வேறு அளவையில் நிற்கிறது. மீட்டரையும் கிலோவையும் கூட்டுவது மாதிரி. சரி, என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. 1-ஐ லாக் 10 என்று எழுதலாம்:

லாக்(ய + 3) = லாக் 10 + லாக் ய = லாக் 10ய
ய + 3 = 10ய
ய = ⅓

அல்லது லாக்குகளை எல்லாம் இடப்பக்கம் கொண்டுவந்து, எண்ணை மட்டும் வலப்பக்கம் விடலாம்: லாக்((ய + 3) ÷ ய) = 1. அப்புறம் (ய + 3) ÷ ய = 10. அதே விடைதான். புதிதாகப் படிப்பவருக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். லாக் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் கை தானாகவே தப்புப் பண்ணாது. அடிமானம் 2 என்றால் 3-ஐ லாக்₂ 8 ஆக்க வேண்டும், அடிமானம் 5 என்றால் லாக்₅ 125 ஆக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கும் வேலையும் இல்லை.

4. ஒரே லாக் ஆக்குங்கள், பிறகுதான் திறங்கள்

இரண்டாம் படியில் பார்த்த கணக்குக்கு வருவோம்.

லாக்₂(ய − 1) + லாக்₂(ய + 5) = 4
லாக்₂[(ய − 1)(ய + 5)] = 4
(ய − 1)(ய + 5) = 2⁴ = 16

மூன்றாவது வரியில்தான் லாக் போகிறது. யாரும் அதை "அடிக்கவில்லை". லாக் வடிவத்தை அடுக்கு வடிவமாக மாற்றி எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். லாக் என்பது ய-வோடு பெருக்கியிருக்கும் எண் அல்ல, இரண்டு பக்கமும் வெட்டித் தள்ள.

இரண்டு லாக் கூட்டலில் இருக்கும்போதே திறந்தால் என்ன ஆகும்? (ய − 1) + (ய + 5) = 16 என்று எழுதுவார்கள். ய = 6 வரும். பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும் விடை, வாசல்படியையும் தாண்டிவிடும். ஆனால் ய = 6 என்றால் லாக்₂ 5 + லாக்₂ 11 = 5.78. 4 எங்கே, 5.78 எங்கே. ஆகவே வாசல்படியைத் தாண்டுவது மட்டும் போதாது, மூலச் சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

கழித்தலிலும் இதே கதை, கொஞ்சம் வேறு வேஷத்தில்:

லாக்₃(ய + 7) − லாக்₃(ய − 1) = 2

இது லாக்₃[(ய + 7) ÷ (ய − 1)] = 2 ஆகும். (ய + 7) ÷ (ய − 1) = 9, ய + 7 = 9ய − 9, ய = 2. சரிபார்த்தால் லாக்₃ 9 − லாக்₃ 1 = 2 − 0. பொருந்துகிறது.

இங்கே வரும் தப்பு, லாக்₃(ய + 7) ÷ லாக்₃(ய − 1) என்று எழுதுவது. வகுத்தல் லாக்கின் உள்ளே நடக்க வேண்டும். இரண்டு லாக்குகளை ஒன்றால் ஒன்றை வகுப்பது வேறு சங்கதி. அது எட்டாம், ஒன்பதாம் படிகளில் வரும்.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு லாக் மட்டும், ஒரே அடிமானத்தோடு நின்றால் வேலை இன்னும் சுலபம். லாக் ம = லாக் ன என்றால் ம = ன. ஒரே லாக் மதிப்பு இரண்டு வெவ்வேறு எண்களுக்கு வராது என்பதே காரணம். உதாரணமாக 2 லாக் ய = லாக்(3ய + 10) என்பதில் முதலில் 2 உள்ளே ஏறும்: லாக் ய² = லாக்(3ய + 10). பிறகு ய² − 3ய − 10 = 0, ய = 5 அல்லது −2. வாசல்படி ய > 0. ஆகவே 5.

5. வந்த விடைகளை வாசல்படியில் நிறுத்துங்கள்

(ய − 1)(ய + 5) = 16 என்பதை விரித்தால் ய² + 4ய − 21 = 0. அதாவது (ய − 3)(ய + 7) = 0. ய = 3 அல்லது −7.

கட்டம் போட்டு வைத்தது ய > 1. 3 உள்ளே, −7 வெளியே. 3-ஐ மூலச் சமன்பாட்டில் போட்டால் லாக்₂ 2 + லாக்₂ 8 = 1 + 3 = 4.

−7 எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். −7 போட்டால் ய − 1 = −8, ய + 5 = −2. இரண்டும் குறை எண்கள், ஆனால் பெருக்கினால் +16. இரண்டு லாக்கை ஒன்றாகச் சேர்த்த நொடியில், "தனித்தனியாக இரண்டும் நேர் எண்" என்ற நிபந்தனை "பெருக்கல் நேர் எண்" என்று தளர்ந்துவிட்டது. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் −7. நீங்கள் கூட்டலில் தப்புப் பண்ணியதால் வரவில்லை. சரியாகச் செய்தாலும் வரும். அதனால்தான் சரிபார்ப்பு என்பது கணக்கின் ஒரு படி, ஓய்வு நேர வேலை அல்ல.

ஒரு எச்சரிக்கை. இரண்டு மூன்று கணக்கில் குறை எண் விடையைத் தள்ளியதும், "குறை எண் வந்தால் தள்ளு" என்று பிள்ளைகள் மனதுக்குள் ஒரு விதி எழுதிக்கொள்வார்கள். அது விதியே இல்லை. பாருங்கள்:

லாக்₃(1 − ய) + லாக்₃(7 − ய) = 3

வாசல்படி: ய < 1, ய < 7; ஆகவே ய < 1.
(1 − ய)(7 − ய) = 27
ய² − 8ய − 20 = 0
ய = 10 அல்லது −2

இங்கே தள்ள வேண்டியது 10. இருக்க வேண்டியது −2: லாக்₃ 3 + லாக்₃ 9 = 1 + 2 = 3. குறை எண்ணாக இருக்கக் கூடாதது லாக்கின் உள்ளே இருப்பது. ய எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். இந்தக் கணக்கை நான் ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் முதல் மாதமே கொடுத்துவிடுவேன். முக்கால்வாசிப் பேர் 10 என்று எழுதுவார்கள். அன்றைக்கு ஏமாந்தவர்கள் பரீட்சையில் ஏமாற மாட்டார்கள்.

தள்ளிய விடையை விடைத்தாளில் அழிக்காதீர்கள். "ய = −7 எனில் ய − 1 < 0; எனவே ஏற்க முடியாது" என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு விடையையும் அப்படியே விட்டுவிட்டு வந்தால், தேர்வு செய்யத் தெரியவில்லை என்றுதான் திருத்துபவர் எடுத்துக்கொள்வார்.

6. வர்க்கம் எங்கே நிற்கிறது?

லாக்₂(ய²) = 4. இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும்: 2-ஐ முன்னால் இறக்கி, 2 லாக்₂ ய = 4, லாக்₂ ய = 2, ய = 4. முடிந்ததா? ஒரு விடை தொலைந்துவிட்டது. நேராகத் திறந்தால் ய² = 16, ய = 4 அல்லது −4. இரண்டும் செல்லும், லாக்கின் உள்ளே இருப்பது ய², அது இரண்டு முறையும் 16தான்.

அடுக்கை வெளியே இறக்கியபோது, ய நேர் எண் என்ற புது நிபந்தனையை நாமே உள்ளே கொண்டுவந்துவிட்டோம். போன படியில் இல்லாத விடை வந்தது. இங்கே இருந்த விடை போனது. இரட்டைப்படை அடுக்கு இருந்தால் அதை இறக்காமல் அப்படியே திறப்பது நல்லது.

(லாக்₂ ய)² என்பது இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொன்று. இங்கே வர்க்கமாவது லாக்கின் மதிப்பு. அடுக்கு விதி செல்லாது. (லாக்₂ ய)² = 3 லாக்₂ ய என்று வந்தால், லாக்₂ ய = த என்று வையுங்கள். த² = 3த. இரண்டு பக்கமும் த-வால் வகுக்காதீர்கள், வகுத்தால் த = 0 என்ற விடை போய்விடும். த(த − 3) = 0, த = 0 அல்லது 3. ய = 1 அல்லது 8. த-வோடு நிறுத்திவிட்டு ய-வைக் கண்டுபிடிக்க மறப்பதும் வழக்கமான கூத்துதான்.

7. அடிமானத்தில் ய இருந்தால்

லாக்கின் அடிமானம் நேர் எண்ணாக இருக்க வேண்டும், 1 ஆக இருக்கக் கூடாது. 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தானே. ய-வை அடிமானமாகக் கொண்ட (ய + 6)-இன் லாக் 2 என்றால், ய² = ய + 6, ய = 3 அல்லது −2. அடிமானம் −2 ஆக முடியாது. விடை 3.

8. அடிமானங்கள் வேறு வேறாக இருந்தால்

லாக்₂ ய + லாக்₄ ய = 6

மூன்று விதிகளும் ஒரே அடிமானத்துக்கு மட்டும். இப்படியே சேர்க்க முடியாது. ஓ-லெவல் அடிஷனல் மேத்ஸில் அடிமானம் மாற்றும் விதி உண்டு: லாக்₄ ய = லாக்₂ ய ÷ லாக்₂ 4 = ½ லாக்₂ ய. கேம்பிரிட்ஜ் ஏ-லெவல் பாடத்திட்டம் அந்த விதியை வெளியே வைத்திருக்கிறது. விதி ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. லாக்₄ ய = த என்றால் 4^த = ய; 4 என்பது 2² ஆகையால் 2^(2த) = ய; ஆகவே லாக்₂ ய = 2த. சமன்பாடு 2த + த = 6. த = 2, ய = 4² = 16.

எந்த அடிமானத்துக்கு மாற்றுவது? சின்ன எண்ணுக்கு. 4-ஐயும் 8-ஐயும் 2-இன் அடுக்காக எழுதுவது கைவந்த வேலை. தலைகீழாகப் போனால் பின்னம் வந்து குழப்பும்.

லாக்₂ ய-வும், அடிமானமும் உள்ளே இருப்பதும் இடம் மாறிய லாக்கும் ஒன்றாக வந்தால் (ஒன்று 2 அடிமானத்தில் ய, மற்றது ய அடிமானத்தில் 2), இரண்டாவது முதலாவதன் தலைகீழி. முதலாவதை த என்று வைத்தால் இரண்டாவது 1 ÷ த. த + 3 ÷ த = 4 என்று வந்தால் த² − 4த + 3 = 0, த = 1 அல்லது 3, ய = 2 அல்லது 8.

9. ய அடுக்கில் ஏறி உட்கார்ந்திருந்தால்

இதுவரை லாக்கை நீக்கினோம். இங்கே நாமே லாக்கைப் போடுகிறோம். அடுக்கைத் தரையிறக்க வேறு வழியில்லை.

2^(ய + 2) = 5^ய
(ய + 2) லாக் 2 = ய லாக் 5

அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். ய + 2 லாக் 2 என்று எழுதினால் அடுத்த வரியிலேயே கணக்கு வேறாகிவிடும். இனி லாக் 2, லாக் 5 இரண்டும் வெறும் எண்கள். விரித்து, ய உள்ளதை ஒரு பக்கம் சேருங்கள்:

ய(லாக் 5 − லாக் 2) = 2 லாக் 2
ய = 2 லாக் 2 ÷ (லாக் 5 − லாக் 2) = 1.51

நடுவில் கூட்டலோ கழித்தலோ இருந்தால் லாக் போடுவதில் பிரயோசனம் இல்லை. 9^ய − 2 × 3^ய − 15 = 0 என்பதில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக லாக் போடுகிறவர்கள் உண்டு. முதல் படியில் சொன்ன "இல்லாத விதி" இதுதான். இங்கே 3^ய = த என்று வையுங்கள்; 9^ய = த². த² − 2த − 15 = 0, த = 5 அல்லது −3. 3-இன் எந்த அடுக்கும் குறை எண் ஆகாது, −3 போகட்டும். 3^ய = 5, ய = லாக் 5 ÷ லாக் 3 = 1.46.

10. கால்குலேட்டரை எப்போது கையில் எடுப்பது

கடைசி வரியில் மட்டும். மேலே உள்ள 2^(ய + 2) = 5^ய கணக்கில் ஒரு பையன் லாக் 2 = 0.30, லாக் 5 = 0.70 என்று முன்னாலேயே சுருக்கிக்கொண்டான். 0.60 ÷ 0.40 = 1.5. சரியான மதிப்பு 1.513. கேம்பிரிட்ஜ் தாள்களில் துல்லியமாக எழுத முடியாத விடைக்கு மூன்று பொருளுறு இலக்கம் கேட்பார்கள், அவனுடைய 1.50 அங்கே போணியாகாது. லாக்குகளை லாக்குகளாகவே இழுத்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொரு பொறி. பல மாடல்களில் லாக் பொத்தானை அழுத்தினால் அடைப்புக்குறியும் கூடவே திறக்கும். நீங்கள்தான் மூட வேண்டும். 5^ய = 12 என்பதற்கு லாக் 12 ÷ லாக் 5 போடும்போது 12-க்குப் பிறகு மூடாவிட்டால், கருவி லாக்(12 ÷ லாக் 5) என்று எடுத்துக்கொண்டு 1.23 காட்டும். சரியான விடை 1.54. சந்தேகமாக இருந்தால் 5-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள், 12-க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

திரையில் பிழைச் செய்தி வந்தால் திட்டாதீர்கள். குறை எண்ணுக்கு லாக் கேட்டிருப்பீர்கள். வாசல்படியை எழுதாதவர்களுக்குக் கருவி எழுதிக் காட்டுகிறது.

11. வருடக் கணக்கும் திரும்பும் குறியும்

50,000 ரூபாயை வருடத்துக்கு 4% கூட்டுவட்டியில் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி வருடக் கடைசியில் சேரும். எத்தனை வருடத்தில் 75,000 ஆகும்?

50,000 × 1.04^ந = 75,000

முதலில் 50,000-ஆல் வகுங்கள். 50,000 × 1.04 = 52,000 என்று பெருக்கி 52,000^ந என்று எழுதிய நோட்டுகளை வருடத்துக்கு நாலாவது திருத்துகிறேன். அடுக்கு 1.04-க்கு மட்டும்தான். 1.04^ந = 1.5, ந = லாக் 1.5 ÷ லாக் 1.04 = 10.34. விடை 10 என்று சுருக்கக் கூடாது. பத்தாவது வருட முடிவில் பணம் இன்னும் 75,000-ஐ எட்டியிருக்காது. 11 வருடம்.

விலை குறையும் பொருளாக இருந்தால் இன்னொரு சிக்கல். ஒரு மெஷினின் மதிப்பு வருடந்தோறும் 20% குறைகிறது. எப்போது பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகும்? 0.8^ந < 0.1. லாக் போட்டால் ந லாக் 0.8 < லாக் 0.1. லாக் 0.8 என்பது −0.0969, குறை எண். அதனால் வகுக்கும்போது குறி திரும்பும்: ந > 10.32. ஆகவே 11. லாக் 0.8 என்று எழுதியிருக்கும்போது குறைக்குறி கண்ணுக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. 1-ஐவிடச் சின்ன எண்ணுக்கு லாக் பார்த்தாலே அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கழித்தல் குறி போட்டு வையுங்கள்.

12. கைப்பழக்கத்துக்கு ஆறு கணக்குகள்

ஒவ்வொன்றிலும் முதல் வரி வாசல்படி. விடையைக் கீழே மூடி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அ) லாக்₅(ய − 1) = 2
ஆ) லாக்₂(ய + 2) + லாக்₂(ய − 5) = 3
இ) லாக்₃(ய + 8) = 2 + லாக்₃ ய
ஈ) லாக்₂(−ய) + லாக்₂(2 − ய) = 3
உ) 4^ய − 3 × 2^ய − 10 = 0
ஊ) லாக்₂(ய − 4) = லாக்₂(2ய − 3)

விடைகள்: அ) 26. ஆ) 6, −3 தள்ளப்படும். இ) 1. ஈ) −2, 4 தள்ளப்படும். லாக்₂(−ய) என்று பார்த்ததுமே "இது முடியாது" என்று விட்டவர்கள் ஐந்தாம் படியை இன்னொரு முறை படியுங்கள். உ) 2.32, இங்கே லாக் இல்லாததால் ய-வுக்குத் தனி வாசல்படி இல்லை, 2^ய > 0 என்பதே வாசல்படி. ஊ) ய = −1 வரும், வாசல்படியோ ய > 4. ஆக, இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை. அப்படியே எழுதுங்கள், காரணத்தோடு. வெறும் இடமாக விட்டால் மதிப்பெண் கிடையாது.